சைக்கிள் மிதித்தால் பாடும் பெஞ்சோ

விசுவமடுப் பக்கம் ஒரு ஐயா வீட்டுக்கு நாங்கள் போனது பழைய நாடகப் பிரதிகள் தேடி. பிரதி ஒன்றும் கிடைக்கவில்லை. "எல்லாம் ஒன்பதாம் ஆண்டோட போச்சு தம்பியவை" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழே குனிந்து, நிவாரணத் தறப்பாளில் சுற்றியிருந்த ஒரு நீளப் பொருளை இழுத்தெடுத்தார். எங்களில் ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, பழைய ரைப்ரைட்டரோ?" என்று கேட்டான். ஐயாவுக்குச் சிரிப்பு. "கிட்டத்தட்ட" என்றார்.

அது பெஞ்சோ. புல்புல்தாரா என்றும் சொல்வார்கள். ஒரு முழத்துக்கு மேல் நீளமான மரப்பெட்டி, மேலே தகரத் தகடு, அதில் இரண்டு வரிசையாக வட்டப் பொத்தான்கள். வலது பக்கம் கம்பிகளைச் சுண்ட இடம் விட்டிருந்தது. மற்றப் பெஞ்சோக்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியது அந்தச் சுண்டும் இடத்துக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புக் கட்டி ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு வயர் வெளியே வந்து, பெட்டியின் ஓரமாக ஓடி, ஒரு துளைக்குள் முடிந்தது. "அது நான் சுத்தினது" என்றார் ஐயா.

அந்தக் கட்டியில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. ஆனால் அதற்கு முதல் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேணும்.

யூடியூப்பில் 'பாஞ்சோ' என்று தேடினால் வருவது வேறு வாத்தியம்: வட்டமான தோல் முகம், நீளக் கழுத்து, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு. அதன் பிறப்பிடம் அமெரிக்கா இல்லை. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மேற்கு ஆபிரிக்க மக்கள் தங்கள் நினைவில் கொண்டுபோன சுரைக்குடுக்கை வாத்தியங்களில் இருந்து அது வந்தது. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் இன்றும் இருக்கும் 'அக்கொண்டிங்' அதற்குக் கிட்டிய சொந்தம். 17ஆம் நூற்றாண்டிலேயே கரீபியன் தோட்டங்களில் அப்படியான வாத்தியங்களைக் கண்டதாக வெள்ளையர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சாமான் எதையும் கொண்டுபோக விடப்படாத மக்கள், போன இடத்தில் கிடைத்த குடுக்கையில் அதைத் திருப்பிச் செய்தார்கள். இதை வாசித்தபோது எங்களுக்கு மெனிக்பாம் முகாமில் பால்மா ரின்னில் தாளம் போட்ட சின்னனுகள்தான் நினைவுக்கு வந்தார்கள். சரி, அது வேறு கதை.

ஐயாவின் பெஞ்சோவுக்கும் அதற்கும் இரத்த உறவு இல்லை. இதில் தோலே கிடையாது. இது யப்பான் பிள்ளை. 1912இல், தைஷோ பேரரசரின் காலம் தொடங்கிய அதே ஆண்டில், நகோயா நகரத்தில் மொரிட்டா கோரோ என்ற இசைக்கலைஞர் இதை உருவாக்கினார். வெளிநாடு போய்ப் பார்த்த ரைப்ரைட்டரின் பொத்தான் பொறியை, இரண்டு கம்பி மட்டும் கொண்ட ஒரு பழைய யப்பானிய வாத்தியத்தின் மேல் ஏற்றினார். பேரரசர் காலத்தின் பெயரையே வைத்துத் 'தைஷோகோட்டோ' என்று அழைத்தார்கள். பொத்தான்களுக்கு இலக்கம் போட்டிருந்ததால், இசை படிக்காதவர்களும் இலக்கத்தைப் பார்த்து வாசிக்கலாம். விலையும் குறைவு. எங்கள் தோழன் ரைப்ரைட்டர் என்று கேட்டது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை.

யப்பானில் இருந்து மலிவுச் சாமான்கள் ஆசியாத் துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவுக்குப் போனது 'புல்புல் தரங்' ஆயிற்று. புல்புல் பறவையின் அலை என்று பொருள். சுண்டினால் வரும் டங்டங் ஓசை பாஞ்சோவை ஒத்திருந்ததாலோ என்னவோ, 'பெஞ்சோ' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பலூச்சிஸ்தானில் 'பெஞ்சு'. மாலைதீவில் 'புல்புல்'. கிழக்கு ஆபிரிக்காவின் மொம்பாசாவில் தாரப் பாட்டுக்காரர்கள் யப்பானியப் பெயரையே கொஞ்சம் மழுக்கி 'தஷ்கோட்டா' என்றார்கள். பாலித் தீவில் இதற்கு 'பென்டிங்' என்று பெயர். இந்து சமுத்திரத்தைச் சுற்றி இறங்கிய கரையெல்லாம் இது வேறு வேறு பெயர் எடுத்தது. ஓரிடத்திலும் பெரிய வித்துவான்களின் மேடைக்கு இலகுவில் ஏறவில்லை. கலியாண வீடு, ஊர்வலம், வீட்டுத் திண்ணை, இதுதான் அதன் இடம்.

வன்னிக்கு இது வந்த வழியை ஐயாவின் சொந்தக் கதையால்தான் எங்களால் சொல்ல முடியும். அவர் 'படித்த வாலிபர் திட்டத்தில்' காணி எடுத்து வந்தவர். 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் காட்டை வெட்டிக் காணி கொடுத்த திட்டம் அது. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் வடக்கில் அவற்றைச் செய்தவர்களுக்கு நல்ல காசு. பாணுக்கு வரிசை நின்ற காலம் என்று தெற்கில் நினைக்கப்படும் அந்த ஆண்டுகள், வன்னித் தோட்டக்காரர் சிலருக்குக் கையில் காசு புழங்கிய ஆண்டுகள். ஒரே சட்டம், இரண்டு விதமான நினைவு.

ஆனால் காசு இருந்தாலும் வாங்கச் சாமான் இல்லை. றேடியோவும் வாத்தியமும்கூட இறக்குமதிதானே. ஐயா தன் பெஞ்சோவை யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் பழசாக வாங்கினார். "ஒரு போக மிளகாய்க் காசில பாதி" என்றார். நாங்கள் கணக்குக் கேட்டோம், சொல்ல மறுத்துவிட்டார். அந்தக் காசில் மாடு வாங்காமல் விட்டதற்கு மனுசி இன்னும் பேசுறாவாம்.

பழகிக் கொடுக்க யாரும் இல்லை. இலங்கை வானொலிதான் வாத்தியார். பின்னேரம் பாட்டு போகும்போது வரியைக் காதில் பிடித்து, அடுத்த நாள் மிளகாய்க்குத் தண்ணி கட்டும்போது வாயால் முணுமுணுத்து, இரவு பொத்தானில் தேடுவது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' அவர் முழுதாகப் பிடித்த முதல் பாட்டு. சினிமாப் பாட்டுக்கும் பொப் பாட்டுக்கும் பெஞ்சோ பொருந்தும், சங்கீதத்துக்குப் பொருந்தாது. ஏன் என்று அவர் வாசித்துக் காட்டியபோதுதான் விளங்கியது.

பொத்தானை அமத்தினால் அதற்குக் கீழே இருக்கும் உலோகப் பட்டை கம்பியைக் கட்டையில் அழுத்தும். கம்பியின் நீளம் குறைந்து சுரம் ஏறும். விட்டால் ஸ்பிரிங் பொத்தானை மேலே தள்ளும். ஆக ஒவ்வொரு சுரமும் படிக்கட்டு மாதிரித் தனித்தனியாக நிற்கிறது. வீணையில் விரல் கம்பியை இழுத்து ஒரு சுரத்தில் இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போவது போல இதில் போக முடியாது. கமகம் இல்லாத கருநாடக இசை உப்பில்லாத சொதி. ஆனால் வாசிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பொத்தானைத் தேவைக்கு மேல் அழுத்தினால் கம்பி கூட இழுபட்டுச் சுரம் ஒரு நூல் ஏறும். ஐயா அப்படி அழுத்தி விட்டு அழுத்தி விட்டு, அசைவு போல ஒன்றைக் கொண்டு வருகிறார். ஒரு சுரம் அடங்க முதல் பக்கத்துப் பொத்தானைத் தட்டினால் சுண்டாமலே அடுத்த சுரம் வரும். இதெல்லாம் களவு வேலை என்று அவரே சொல்கிறார். எங்களுக்கு அந்தக் களவுதான் பிடித்தது.

இன்னொன்று, பொத்தான் சத்தம். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு 'டக்'. நல்ல வாசிப்பில் அது தாளத்தோடு சேர்ந்துவிடும். பிழைத்த வாசிப்பில் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும்.

இப்போது அந்தக் கறுப்புக் கட்டிக்கு வருவோம்.

கம்பி வாத்தியத்தை மின்சாரத்தில் பாட வைப்பது 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த யோசனை. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கிட்டார், பார்க்கத் தாச்சி மாதிரி இருந்ததால் 'தாச்சி' என்றே பெயர் எடுத்தது. யோசனை எளிது: காந்தம் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் சின்ன மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கினால் பாட்டு. இதன் பெயர் பிக்அப். பிறகு அமெரிக்கப் பாஞ்சோவுக்கும் இதை மாட்டினார்கள். 1960களில் ரிக்கன்பேக்கர் 'பான்டார்' என்று ஒன்று செய்தது. கொஞ்சம்தான் செய்தார்கள், இப்போது சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். தோல் முகத்தை எடுத்துவிட்டுக் கட்டை மரம் வைத்ததும் பாஞ்சோவின் அந்தக் 'கடக்' என்ற வறண்ட ஓசை போய்விட்டது. மின்சாரம் ஓசையை நீட்டியது, கூடவே அதன் முகத்தையும் மாற்றியது.

மண்டலினில் இதே மாற்றம் நன்மையாக முடிந்தது. ஆந்திராவில் பாலகொல்லு ஊரில் 1969இல் பிறந்து சென்னையில் வாழ்ந்த மண்டலின் ஸ்ரீநிவாஸ், சோடிக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பியோடு மின் மண்டலினில் கமகம் வாசித்தார். சாதாரண மண்டலினில் சுரம் பிறந்த உடனே செத்துவிடும். மின்சாரம் அதற்கு மூச்சுக் கொடுத்தது. மும்பாயிலோ மின் பெஞ்சோ பிள்ளையார் ஊர்வலத்துக்குப் போனது. லொறியில் ஒலிபெருக்கி அடுக்கி, மேளங்களுக்கு மேலால் கேட்கும்படி வாசிப்பார்கள். அந்தக் குழுக்களுக்கே 'பெஞ்சோ பார்ட்டி' என்றுதான் பெயர். 2016இல் 'பாஞ்சோ' என்று ஒரு ஹிந்திப் படமும் வந்தது. படம் சுமார்தான்.

ஐயா தன் பிக்அப்பைச் சுற்றியது 1990களின் தொடக்கத்தில். ஊரில் நாடகம் போட்டார்கள். ஆர்மோனியமும் டோலக்கும் சேர்ந்தால் பெஞ்சோ முன்வரிசைக்கே கேட்காது. செத்த றேடியோவின் ரான்ஸ்போமரில் இருந்து மெல்லிய செப்புக் கம்பி, உடைந்த ஸ்பீக்கரில் இருந்து காந்தம். கையால் ஆயிரக்கணக்கில் சுற்று. "எண்ணினீங்களோ?" என்று கேட்டோம். "ஆயிரத்துக்குப் பிறகு எண்ணேல்ல."

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதோடு வன்னிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, பட்டரி என்று பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். செத்த பட்டரியை வெயிலில் காயவைத்து இன்னொரு செய்தி அறிக்கைக்கு உயிர் பிடித்த காலம். அதுவும் முடிந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருத்தர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்பார்கள். எங்களில் பலர் அப்போது பிறக்கவில்லை. ஆனால் இந்தக் காட்சி தெரியாத வீடு எங்கள் பக்கம் குறைவு.

இந்த நேரத்தில்தான் மனுசன் மின்சாரப் பெஞ்சோ செய்திருக்கிறார்.

அம்ப்ளிபயர் இல்லை. பழைய கசெற் றெக்கோடர் ஒன்று இருந்தது. மோட்டர் பழுது, சத்தம் நல்லம். கசெற் வாசிக்கும் தலையும் ஒரு சின்னச் சுருள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தலையின் வயரைக் கழற்றிவிட்டுத் தன் பிக்அப் வயரைப் பூட்டினார். பாடியது. ஆனால் வேறு மாதிரிப் பாடியது. கசெற்றில் இருந்து வரும் சமிக்ஞையில் தடித்த ஓசை குறைவு என்பதால், அதைக் கூட்டிக் கொடுக்கும்படிதான் அந்தச் சுற்றை வடிவமைத்திருப்பார்கள். பெஞ்சோவுக்கும் அதே வைத்தியம் நடந்தது. கீச்சென்று கேட்க வேண்டிய வாத்தியம் கனத்து, இருண்டு, பானைக்குள் பேசுவது போல வந்தது. இன்றைக்குக் காசு கொடுத்து எஃபெக்ட் பெட்டி வாங்கித் தேடும் சத்தத்தை அவர் தற்செயலாகப் பெற்றுவிட்டார்.

அடுத்த வினோதம். பெஞ்சோவில் சுரம் வாசிக்கும் கம்பிகளுக்குப் பக்கத்தில், பொத்தான் படாமல் சுருதிக்கென்றே ஒலிக்கும் கம்பிகள் உண்டு. ஐயாவின் பெஞ்சோவில் அவை பித்தளை. பித்தளைக்குக் காந்தத்தோடு உறவில்லை. பிக்அப்புக்கு அவை இருப்பதே தெரியாது. ஆகவே மின்சாரம் கொடுத்ததும் பாதி வாத்தியம் ஊமை. பக்கத்தில் இருப்பவருக்குச் சுருதி கேட்கும், ஸ்பீக்கருக்கு முன்னால் இருப்பவருக்குக் கேட்காது.

சுருதி இல்லாமல் போனதா என்றால், இல்லை. அது சைக்கிளில் இருந்து வந்தது. டைனமோ தருவது ஆடலோட்டம். ஐயா டயோட்டு போட்டு அதை நேராக்கினார், ஆனால் முழுதாக நேராகவில்லை. மிச்சம் ஒரு 'ங்ங்ங்' என்ற இரைச்சலாகப் பாட்டுக்குக் கீழே ஓடியது. சில்லு வேகமாகச் சுற்றினால் அந்த இரைச்சலின் சுரம் ஏறும், களைத்தால் இறங்கும். "மிதிக்கிற பெடியன்தான் எனக்குத் தம்புரா" என்றார். ஒரே வேகத்தில் சுற்றத் தெரிந்த ஒரு பெடியன் இருந்தானாம். அவன் இருந்தால் ஐயா அந்த இரைச்சலுக்கே சுருதி கூட்டி வாசிப்பாராம். வேறு யாரும் சுற்றினால் நாடகத்தின் சோகக் கட்டத்தில் சுருதி மேலே போய்விடும், சனம் சிரிக்கும்.

பொத்தான் 'டக்'கும் ஸ்பீக்கரில் இடி போல விழுந்தது. சுருளின் கம்பிகள் இறுக்கமில்லாமல் இருந்தால் தட்டலுக்கு அவையே அதிரும், சத்தம் கூட்டினால் கூவும். இதற்கு உலகமெங்கும் மருந்து ஒன்றுதான்: உருக்கிய மெழுகில் சுருளை முக்கி எடுப்பது. ஐயா பாவித்தது தேன்மெழுகு. காட்டுத் தேன் எடுப்பவர்கள் கொடுத்தது. அந்தக் கட்டியை மணந்து பார்க்கச் சொன்னார். முப்பது வருசத்துக்குப் பிறகு தேன் மணம் எங்கே வரப்போகிறது, தூசி மணம்தான். ஆனாலும் எல்லாரும் ஒவ்வொருத்தராக மணந்தோம்.

1996 செப்ரெம்பரில் சத்ஜெய நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனபோது, இடம்பெயர்ந்த சனம் விசுவமடுப் பக்கமும் வந்து நிறைந்தது. பள்ளிக்கூடங்களில், மரங்களுக்குக் கீழே. அந்த மாதங்களில் நாடகம் இல்லை. ஆனால் பின்னேரங்களில் வாசித்தாராம், சைக்கிள் இல்லாமல், சும்மா. சின்னப் பிள்ளைகள் பொத்தானை அமத்திப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். ம-வுக்குரிய பொத்தான் அப்போதுதான் உடைந்தது. "ஆர் உடைச்சதெண்டு தெரியும். இப்ப அது லண்டனில" என்றார், பெயர் சொல்லவில்லை.

2002 போர்நிறுத்தத்தோடு பட்டரி வந்தது, ஏ9 திறந்தது, கீபோர்ட் வந்தது. கீபோர்டில் நூறு வாத்தியச் சத்தம் இருக்கும்போது பெஞ்சோவை யார் தேடுவார்கள்? ஊர் நிகழ்ச்சிகளில் இருந்து அது சத்தமில்லாமல் விலகியது. போர்தான் எல்லாவற்றையும் அழித்தது என்று எழுதுவது எங்களுக்கு இலகு. இந்த விஷயத்தில் அது முழு உண்மை இல்லை. கொஞ்சம் போர், கொஞ்சம் யமஹா.

2009 ஜனவரியில் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது அவர் பெஞ்சோவைப் பொலித்தீனில் சுற்றி, வீட்டுப் பங்கருக்குள் வைத்து மண்ணால் மூடினார். கசெற் றெக்கோடரைக் கொண்டுபோனார். அது புதுக்குடியிருப்புக்கு அங்கால் எங்கோ கைவிடப்பட்டது. மீள்குடியேறி வந்து கிண்டியபோது பெட்டியின் அடிப்பலகையைக் கறையான் அரித்திருந்தது. ஸ்பிரிங்குகளில் பாதி துரு. பிக்அப் மட்டும் மெழுகுக்குள் சுகமாக இருந்தது.

அங்கிருந்து வந்த பிறகு நாங்கள் அவருக்கு ஒரு வீடியோ காட்டப் போனோம். பலூச்சிஸ்தானின் மக்ரான் கரையில், பஸ்னிப் பக்கத்தைச் சேர்ந்த உஸ்தாத் நூர் பக்ஷ் என்ற முதியவர் மின் பெஞ்சு வாசிக்கிறார். இடையர் குடும்பத்து மனிதர். வாழ்க்கை முழுக்கத் தன் ஊர்ப் பக்கம் வாசித்தவர். வெளியுலகம் கேட்டது கடைசியில்தான். 2022இல் 'ஜிங்குல்' என்ற அவரது இசைத்தொகுப்பு வெளிவந்தது, பிறகு ஐரோப்பிய மேடைகளுக்கும் போனார். பலூச்சிகள் இந்த யப்பான் வாத்தியத்தைப் பெரிதாக்கித் தங்கள் துயரப் பண்ணான 'சஹீரோக்'கையே இதில் வாசிக்கிறார்கள். பிலாவல் பெல்ஜியம் என்ற வித்துவான் அதற்கு முன்னோடி. நூர் பக்ஷின் சிறிய பழைய அம்ப்ளிபயர் ஓடுவது, சூரியத் தகட்டில் சார்ஜ் ஏற்றிய லொறி பட்டரியில்.

ஐயா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முழுவதையும் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவர் சுருதிக் கம்பிக்கும் உருக்குப் போட்டிருப்பார் போல. எனக்கு அந்த நேரம் ஏன் ஓடேல்ல?" என்றார். பிறகு, திரும்பவும் முதலில் இருந்து போடச் சொன்னார்.

எங்களிடம் இருந்த சின்ன கிட்டார் அம்ப்ளிபயரில் பிக்அப்பைப் பூட்டினோம். இப்போது ஊரில் கரண்ட் இருக்கிறது. சத்தம் வந்தது; தெளிவாக, மெல்லிசாக, கொஞ்சம் அந்நியமாக. ஐயாவுக்குத் திருப்தி இல்லை. இது தன்ர சத்தம் இல்லை என்றார். கசெற் றெக்கோடரின் இருட்டும் டைனமோவின் இரைச்சலும் இல்லாமல், வாத்தியம் மட்டும் தப்பிவந்து என்ன பலன் என்று கேட்கிற மாதிரி இருந்தது அவர் முகம். அந்தச் சத்தத்தின் பதிவு எதுவும் கிடையாது. ஒரு கசெற் இருந்ததாம். மேலே சொன்ன றெக்கோடருக்குள்ளேயே இருந்ததாம்.

எங்களுக்குள்ளே இப்போது வாக்குவாதம். புதுக் கம்பியும் புதுப் பொத்தானும் போட்டுத் திருத்துவோம் என்று ஒரு பகுதி. இருக்கிறபடியே பதிவு செய்துவிட்டுப் பிறகு தொடுவோம் என்று மற்றப் பகுதி. ஐயா இரண்டு பக்கமும் இல்லை. அவருக்கு வேண்டியது பழைய கசெற் றெக்கோடர் ஒன்று, மோட்டர் பழுதென்றாலும் பரவாயில்லை. பாட்டில் டைனமோ ஒன்று. பெஞ்சோப் பொத்தானுக்குரிய சின்ன ஸ்பிரிங் பதினொன்று. பரந்தனில் இருந்து முள்ளியவளை வரை பழைய றேடியோக் கடைகளில் கேட்டுவிட்டோம். டைனமோ ஒன்று மாங்குளத்தில் கிடைத்தது. மற்ற இரண்டும் உங்கள் வீட்டு அட்டாளியில் கிடந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். சைக்கிள் மிதிக்க ஆள் இருக்கிறது.